நாலு விரல் கடல்

இத்ரீஸை வளைகுடாவில் மண்ணுக்குள் இறக்கிய அதே நேரத்தில், தென்காசியில் அவர் வீட்டு மீன்தொட்டித் தண்ணீர் உப்பாக மாறியது. ஆனி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே கால். தொட்டியில் இருந்த ஆறு கோல்டு பிஷ்ஷும் ஐந்தரைக்குள் வயிறு மேலாக மிதந்தன. அன்றைக்குத்தான் குற்றாலத்தில் சீசன் தொடங்கி மெயின் அருவியில் தண்ணீர் விழுந்தது. தக்காளி கிலோ நாற்பத்தெட்டு ரூபாய். துக்கம் கேட்க வந்திருந்த பெண்களில் ஒருத்தி, தொட்டி விளிம்பில் பட்ட கையைத் தெரியாமல் உதட்டில் வைத்துவிட்டு, உப்புக் கரிக்கிறதே என்றாள். மையத்து வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று மற்றவர்கள் அவளை அடக்கினார்கள்.

இத்ரீஸ் இருபத்து நான்கு வருடம் சபரில் இருந்தவர். வெளிநாட்டுப் பிழைப்புக்கு அந்தத் தெருவில் அதுதான் பெயர். ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. அவர் மனைவி ஜைனப் ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது மொத்தம் இருபத்தாறு மாதம். கடைசி லீவில் அவர் இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி உள்ளறையில் வைத்தார். அங்கே அவர் தங்கியிருந்த இடத்துக்குப் பின்னால் கடல் ஊருக்குள் நீண்டு வந்து நிற்கும் ஒரு கால்வாய் உண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அதன் கரையில் போய் உட்காருவாராம். "அது கடலும் இல்ல, நம்ம ஆத்துத் தண்ணியும் இல்ல பாத்துக்க. நாக்குல வச்சா அரை உப்பு. அதுலயும் மீனு என்னமா துள்ளுது!" என்று தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். சபருக்குத் திரும்பிய பிறகும் போனில் பேசும்போதெல்லாம் மகளை விசாரித்ததும் அடுத்த கேள்வி மீனைப் பற்றித்தான்.

அவர் இஸ்திரி மேஜை மேலேயே சரிந்து இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் காகிதங்கள் எல்லாம் சரியாகி வர இருபது நாளாவது ஆகும் என்றார்கள். மையத்தை அத்தனை நாள் ஐஸில் போட்டு வைப்பதா, சீக்கிரம் அடக்குவதுதானே நல்லது என்று பெரியவர்கள் கூடிச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அங்கேயே அடக்கம் செய்ய ஆட்சேபணை இல்லை என்ற படிவம் வாட்ஸப்பில் வந்தது. இத்ரீஸின் தம்பி காஜா அதைப் பிரிண்ட் எடுத்து வந்து, பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தைக் காட்டினான். ஜைனப் கையெழுத்துப் போட்டாள். பதிலுக்குப் பதினைந்து விநாடி வீடியோ ஒன்று வந்தது; அதில் மண் தெரிந்தது, ஆட்களின் கால்கள் தெரிந்தன, இத்ரீஸ் தெரியவில்லை. அதைப் பார்த்து முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோதுதான் முதல் மீன் மிதந்தது. அது எந்த ஊர்த் தண்ணீர் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல், அன்னிய ஆண் முகம் பார்க்காமல் இருப்பதற்கு இத்தா என்று பெயர். அந்தத் தெருவில் யார் இத்தா இருந்தாலும் அதை நடத்தி வைப்பது செய்தூன் மாமிதான். யாரும் அவளை நியமிக்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. உள்ளறை வாசலுக்குத் தடித்த பச்சைத் திரை போட்டாள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். கொல்லையில் நின்ற சேவலைப் பிடித்து, அதுவும் ஆண்தானே என்று எதிர் வீட்டுக்கு அனுப்பினாள். கிதாபில் அப்படி எதுவும் கிடையாது என்று பள்ளிவாசல் ஆலிம் சிரித்துக்கொண்டே சொல்லியனுப்பினார். கிதாபு பள்ளிவாசலுக்குள் செல்லும், தெருவுக்குள் செய்தூன் மாமி செல்லும். சேவல் நான்கு மாதமும் எதிர் வீட்டிலிருந்துதான் கூவியது.

மூன்றாம் நாள் ஜைனப் இன்னொன்றையும் கவனித்தாள். தொட்டித் தண்ணீர் நாலு விரல் அளவுக்கு இறங்கியது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி நாலு விரல் ஏறி விளிம்புக்கு வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம்; ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம், ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளிப் போயிற்று. அவள் மகள் சஃப்ரின் காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கிறவள். உம்மா சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்த நேரங்களை ஒரு வாரம் பார்த்தாள். பிறகு செல்போனில் எதையோ தேடி எடுத்து, சுவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உம்மா, இது வாப்பா இருந்த ஊருல கடலு ஏறி எறங்குத டைம்." ஜைனப் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

செய்தி வெளியே போகாமல் இருக்குமா? தென்காசிக்காரர்களுக்கு எந்தச் சீக்குக்கும் தெரிந்த ஒரே மருந்து குற்றாலத் தண்ணீர். காஜா ஆட்டோவில் எட்டு கேன் ஏற்றிக்கொண்டு போய் ஐந்தருவியில் பிடித்து வந்தான். மூலிகையெல்லாம் கலந்து வருகிற தண்ணீர், இதற்குத் தீராத உப்பா என்றான். பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதை ஊற்றினார்கள். விடிந்தபோது அதுவும் அரை உப்பாக இருந்தது, சொன்ன நேரத்துக்கு நாலு விரல் இறங்கியும் இருந்தது. மூட்டு வலிக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட, தெருப் பெண்கள் பாட்டிலில் மொண்டுகொண்டு போனார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அது வெறும் குழாய்த் தண்ணீர் ஆகிவிட்டது. தொட்டியை விட்டு வெளியே வந்தால் அந்த உப்பு நிற்காது. இது தெரிந்த பிறகு கூட்டம் குறைந்தது.

ஆனால் ஜைனபுக்கு மனம் ஆறவில்லை. வெறும் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது, தாங்க முடியாததாக இருந்தது. அந்தத் தண்ணீரில் மீன் துள்ளும் என்று அவர் தன் வாயால் சொல்லியிருக்கிறார். துள்ளுகிற மீன் எங்கோ இருக்கிறது. அது இந்தத் தொட்டிக்குள் வந்தால்தான், அவரைப் போட்ட இடம் ஒன்றுமில்லாத இடம் இல்லை என்று அவளால் நம்ப முடியும். கடைக்குப் போய்த் தானே பார்த்து எடுக்கலாம் என்றால் வாசலைத் தாண்டக் கூடாது. அதனால் சஃப்ரினை அனுப்பினாள்.

ஸ்டேஷன் ரோட்டில் வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கும் ஆவுடைநாயகம் சைவப்பிள்ளை. மீனை விற்பாரே தவிர வாயில் வைத்தவர் அல்ல. நெற்றி நிறைய விபூதியோடு, ஒவ்வொரு மீனையும் பெண் பார்த்துக் கொடுப்பது போல விசாரித்துக் கொடுப்பார். விஷயத்தைக் கேட்டதும், உப்பு பார்க்கும் கண்ணாடி மிதவை ஒன்றை எடுத்து சஃப்ரினிடம் கொடுத்தார். நல்ல தண்ணீரில் ஆயிரம் காட்டும், கடல் தண்ணீரில் ஆயிரத்து இருபத்தைந்து காட்டும் என்றார். அந்தத் தொட்டியில் ஆயிரத்து எட்டு காட்டியது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோதும் அதே எட்டுதான். திரைக்கு உள்ளே தொட்டி, வெளியே அவர். தான் மீன் கொடுத்த அந்தத் தொட்டியை அவர் நான்கு மாதமும் கண்ணால் பார்க்கவில்லை.

முதலில் எட்டுக் கப்பி கொடுத்தார். எந்தச் சாக்கடையிலும் பிழைக்கிற சாதி என்று நம்பினார். எட்டில் ஐந்து, இரண்டாம் இறக்கத்தில் போயின. மற்ற மூன்றும் ஒன்பதாம் நாள். உப்பு என்றால் கடல்தானே என்று தூத்துக்குடியில் சொல்லி வைத்து, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன் ஒரு ஜோடி வரவழைத்தார். அவற்றுக்கு உப்பு போதாமல் ஒரே நாளில் கண் வெளுத்தன. செத்தவற்றையெல்லாம் சஃப்ரின் காகிதத்தில் மடித்துக் கொல்லையில் முருங்கைக்குக் கீழே புதைத்தாள். கோல்டு பிஷ்ஷோடு சேர்த்து மரத்தடியில் பதினாறு ஆயிற்று.

அப்புறம் ஆவுடைநாயகம் ராத்தூக்கம் கெட்டு, தெரிந்த வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்தார். ஒரு நாள் திரைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விசாரித்ததை ஒப்பித்தார். தண்ணீரைத் துப்பிப் பூச்சி பிடிக்கிற மீன் ஒன்று உண்டு, ஆனால் அது ஒரு அடி வளரும், இரண்டடித் தொட்டிக்குள் திரும்பக்கூட முடியாது. புள்ளி போட்டது ஒன்று, வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு. செங்கோட்டைக்காரர் ஒருவர் கொல்லம் ரயிலில் கரிமீன் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். பொரிக்கிற மீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி அழுவது என்று செய்தூன் மாமி அதைத் தள்ளிவிட்டாள்.

"சின்னதா வேணும்னா பஃபர்னு ஒண்ணு இருக்கு தாயி. கோவம் வந்தா பந்து மாதிரி உப்பிக்கிடும். இந்தத் தண்ணிக்குன்னே பொறந்தது. ஆனா கூட ஒரு மீனு ஆவாது. வாலக் கடிச்சுப்போடும். அது மட்டும் தனியா கெடக்கும்."

திரைக்குள்ளிருந்து ஜைனபின் குரல் வந்தது. "அது வேண்டாம் அண்ணாச்சி. அவுகதான் அங்கன ஒத்தையில கெடக்காக. மீனாவது சோடியா கெடக்கட்டும்."

ஆவுடைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காஜா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் போனது அண்ணன்தான். அந்தப் படிவத்தை நீட்டியவன் என்பதால் வீட்டுக்குள் தலை நிமிர முடியாமல் திரிந்தான். "மைனி, செத்த மீனு நாத்தம் தெருவுக்கே அடிக்குது. இத்தா முடியுற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல. முடிஞ்ச அன்னைக்கு இதத் தூக்கி ஓடையில ஊத்திருவேன். உங்களுக்கும் நல்லது" என்றான். அதற்கு அவசியமே இருக்காது என்றாள் செய்தூன் மாமி. "இத்தாவோட வந்தது இத்தாவோட போயிரும்." அதைக் கேட்ட நாளிலிருந்து ஜைனபுக்கு நாட்கள் குறைவது பயமாகிவிட்டது. ஊரில் இத்தா இருக்கும் பெண்கள் என்றைக்கு முடியும் என்று எண்ணுவார்கள். இவள் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணினாள்.

கடைசியில் பார்த்தால், தேடிய மீன் ஆவுடைநாயகத்தின் கடையிலேயே, கீழ்த்தட்டில், ஒன்று இருபது ரூபாய் என்று எழுதிப்போட்ட தொட்டியில் ஆறு வருடமாக நீந்திக்கொண்டிருந்தது. கறுப்பு மோலி. நல்ல தண்ணீரிலும் இருக்கும், அரை உப்பில் இன்னும் செழிக்கும் என்று ஒரு வியாபாரி போனில் போகிற போக்கில் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். பொட்டலம் கட்டும் நேரத்தில் செய்தூன் மாமியின் உத்தரவு வந்தது: இத்தா இருக்கிற அறைக்குள் போவதால் பொட்டை மீன் மட்டும்தான் அனுப்ப வேண்டும். இதற்கு முன்னால் போன மீன்களில் ஆண் பெண் பார்க்காமல் விட்டதுதான் அத்தனையும் செத்ததற்குக் காரணம் என்றும் சொன்னாள். ஆவுடைநாயகம் பூதக்கண்ணாடி வைத்து, வயிற்றுக்குக் கீழே உள்ள துடுப்பு விசிறியாக இருக்கிறதா கூர்மையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எட்டுப் பெண் மீன்களைப் பொறுக்கினார். ஒரு முழு மதியம் கடை வியாபாரம் கெட்டது.

எட்டும் பிழைத்தன. ஏற்றத்தில் மேலே வந்தன, இறக்கத்தில் கீழே போயின. ஜைனப் அன்று நாற்பது நாளில் முதல் முறையாக இரண்டு வாய் அதிகம் சாப்பிட்டாள். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை காலையில், அந்த எட்டில் ஒன்று முப்பத்தேழு குஞ்சு போட்டது.

செய்தூன் மாமி போட்ட சத்தம் ஸ்டேஷன் ரோடு வரை கேட்டது என்றால் கொஞ்சம் கூடுதல். கடைவீதி வரை கேட்டது. "ஏ அண்ணாச்சி, வெவரமில்லாத ஆளா நீரு? மையத்து வீட்டுக்கு என்னத்தக் குடுத்து விட்டீரு? ஆம்பள இல்லாம குஞ்சு எப்படிவே வந்துது?" ஆவுடைநாயகம் ஓடிவந்து, முருகன் மேல் ஆணையாக எட்டும் பெண்தான் என்றார். இந்தச் சாதி மீன் ஒருதரம் ஆணோடு சேர்ந்தால் போதும், அதை உள்ளுக்குள்ளேயே காத்து வைத்து, ஆண் போன பிறகும் ஆறு மாதம் வரை தவணை தவணையாகக் குஞ்சு போடும் என்று, ஒரு பெண்பிள்ளை முன்னால் சொல்லக் கூசிக் கூசிச் சொல்லி முடித்தார். திரைக்குள்ளிருந்து, நான்கு மாதத்தில் ஒரே ஒரு முறை, ஜைனப் வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது.

அழுதுகொண்டிருக்க நேரமும் இல்லை. மோலி தான் போட்ட குஞ்சைத் தானே தின்னும். காலையில் முப்பத்தேழு, அடுத்த இறக்கத்துக்குப் பிறகு இருபத்தொன்பது, மறுநாள் இருபத்திரண்டு. தண்ணீர் இறங்கினால் ஒளிய இடமில்லாமல் குஞ்சுகள் தாய்களுக்கு நடுவே மாட்டின. வேறு பாத்திரத்தில் பிரித்து விடலாம் என்றால் அந்தத் தண்ணீர் தொட்டிக்கு வெளியே உப்பாக நிற்காது. ஜைனப் பகலெல்லாம் கண்ணாடியில் நெற்றியை வைத்து உட்கார்ந்து, பெரிய மீன் கிட்டே போகும்போதெல்லாம் விரலால் தட்டினாள். எத்தனை நேரம்தான் தட்ட முடியும்? அவள் தொழுது எழுவதற்குள் இரண்டு குறைந்திருக்கும். பெற்றதே தின்கிற இடத்தில் யாரிடம் போய் முறையிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செடி போட்டால் ஒளிந்துகொள்ளும், ஆனால் செடி உப்பில் அழுகும், நைலான் நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுங்கள் என்று ஆவுடைநாயகம் சொல்லியனுப்பினார். வீட்டில் நைலான் என்று இருந்தது ஒன்றுதான். இத்ரீஸின் சாமான்களை அவர் கூட்டாளிகள் அட்டைப்பெட்டியில் போட்டு கார்கோவில் அனுப்பியிருந்தார்கள். பெட்டி வந்து ஒரு மாதம் ஆகியும் ஜைனப் அதைத் தொடவில்லை. அதைச் சுற்றிக் கட்டியிருந்தது பச்சை நைலான் கயிறு. அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஒவ்வொரு முடிச்சும் அவர் கட்டியது போலவே இருந்தது, கட்டியவர் அவர் இல்லை என்று தெரிந்தும். கயிறு போனதும் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. உள்ளே மூன்று சட்டை, பாதி தீர்ந்த தைலம், சஃப்ரினுக்கு ஒரு கைக்கடிகாரம், பிரிக்காத பாக்கெட்டாக கோல்டு பிஷ் தீனி அரைக் கிலோ. அந்த ஆறு மீனுக்கு அரைக் கிலோ தீனி எத்தனை வருடத்துக்கு வரும் என்று யோசித்திருக்க மாட்டார். கயிற்றைப் பிரிபிரியாகப் பிரித்துத் தொட்டி முழுக்கத் தொங்கவிட்டாள். பதினொரு குஞ்சு தப்பித்தது.

ஐப்பசி ஐந்தாம் தேதி இத்தா முடிந்தது. அடைமழை, அருவிகளில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். காலையில் ஜைனப் குளித்து வேறு உடை உடுத்தினாள். செய்தூன் மாமி பச்சைத் திரையை அவிழ்த்து மடித்தாள். உறவுப் பெண்கள் வந்திருந்தார்கள், நெய்ச்சோறு தயாராகிக்கொண்டிருந்தது. பத்து நாற்பதுக்கு இறக்கம். தண்ணீர் நாலு விரல் இறங்கியது, நிற்கவில்லை. ஆறு விரல், எட்டு விரல் என்று போய்க்கொண்டே இருந்தது. நண்பகலில் தொட்டியின் அடியில் இரண்டு விரல் தண்ணீர்தான் மிச்சம். பச்சை நூல் காய்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. மீன்கள் எல்லாம் பக்கவாட்டில் சரிந்து கிடந்தன. "நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள் மாமி; சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்தாள். காஜா தொட்டியைத் தூக்குவதற்கு வந்தவன், தூக்க முடியாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

ஜைனப் குடத்தை எடுத்தாள். நான்கு மாதம் பத்து நாளுக்குப் பிறகு அவள் வாசற்படியைத் தாண்டியது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மழையில், தெருக்குழாய்க்கு. குடத்தை நிறைத்து வந்து நடுவீட்டில் வைத்தாள். சஃப்ரினிடம் அடுப்படியிலிருந்து உப்புச் சாடியைக் கொண்டுவரச் சொன்னாள். ஒரு பிடி கல்லுப்பு போட்டுக் கலக்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். இன்னும் அரைப் பிடி. மறுபடி வைத்துப் பார்த்தாள். நான்கு மாதமும் அவள் அந்தத் தண்ணீரைத் தினம் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. நாலு கல்லை மட்டும் கிள்ளிப் போட்டு, "இம்புட்டுதான்" என்றாள். விருந்துக்கு வந்திருந்த ஆவுடைநாயகம் மிதவையைக் குடத்தில் விட்டார். ஆயிரத்து எட்டு.

"மைனி, இது நம்ம குழாத் தண்ணிதான" என்று காஜா மெதுவாகச் சொன்னான்.

"ஆமா. அவுகள அங்கன விடச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன். இத விட மாட்டேன்" என்றாள் ஜைனப். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீரும் ஒரு குடம் எடுத்துட்டு வாரும்" என்றாள்.

காஜா ஐந்து குடம் சுமந்தான்; ஒவ்வொன்றிலும் ஜைனப் அதே அளவு உப்பு கலந்தாள். இறக்கத்தில் தண்ணீர் நிற்க வேண்டிய கோடு வரைக்கும், விளிம்புக்கு நாலு விரல் கீழே, நிறைத்து நிறுத்தினார்கள். மீன்கள் நிமிர்ந்தன. எட்டுப் பெரியது, பதினொன்று சின்னது. சஃப்ரின் இரண்டு தரம் எண்ணினாள். பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மணி நாலரை ஆகிவிட்டது. நாலு ஐம்பத்திரண்டுக்கு, யாரும் எதுவும் ஊற்றாமல், தண்ணீர் நாலு விரல் ஏறி விளிம்புக்கு வந்து நின்றது. ஆவுடைநாயகம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி தயிர்ப்பச்சடி கேட்டார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. சஃப்ரினுக்குக் கல்யாணமாகிப் புளியங்குடியில் இருக்கிறாள். சேவல் வீடு திரும்பி, வயதாகிச் செத்தது. மோலிக் குஞ்சுகளை ஆவுடைநாயகம் மாதம் ஒருமுறை வந்து எடுத்துப்போகிறார். அந்தத் தண்ணீர் தானாக உப்பாவதில்லை. வாரம் ஒருமுறை ஜைனப் கல்லுப்பு போட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். ஏறுவதும் இறங்குவதும் மட்டும் அதன் நேரத்துக்கு நடக்கிறது. இறக்க நேரத்தில் யாராவது புதிதாக வீட்டுக்கு வந்து, தொட்டி ஒழுகுகிறதே என்று பதறினால், இருந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க, வந்துரும் என்கிறாள்.